பட்டியலில் மூன்றாவது

மனித குலம் குகையை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து இன்று காலை பத்தே முக்கால் மணி வரை, ஒரு டப்பாவின் பின்பக்கத்தை முழுதாகப் படித்த மனிதன் ஒருவன்கூடக் கிடையாது.

இது கெமிஸ்ட்டின் கண்டுபிடிப்பு.

நெருப்பு, சக்கரம், அதற்கு அடுத்து இது என்பது அவனுடைய அடக்கமான அபிப்பிராயம்.

முகத்தில் பூசும் களிமண் பேஸ்ட் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரே ஆள் அவன்தான். எந்த மண்ணில் எதை எவ்வளவு கலப்பது என்று முடிவு செய்வது அவன் வேலை. கலந்ததை லேபிளில் வரிசையாக எழுதுவதும் அவன் வேலை. தடித்த மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதுவான். வேலையாட்கள் அவன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர், பொடியெழுத்து.

"யாராவது படிப்பாங்க சார்," என்றாள் பேக்கிங் அக்கா, டப்பாவுக்கு மூடி திருகிக்கொண்டே. "எங்க நாத்தனார் படிப்பா. கடையில நின்னு ஒவ்வொண்ணா படிச்சிட்டுத்தான் வாங்குவா."

"உங்க நாத்தனாருக்கு வீட்டுல வேலை கம்மி போல."

"அப்படியும் சொல்லலாம்."

"லேபிளைத் திருப்பிப் படிக்கிறவன் ரெண்டே வகைதான் அக்கா. ஒருத்தன் பஸ்ஸுக்கு நிக்கிறவன். இன்னொருத்தன் சாகப் பயந்தவன். உசிரு மேல அவ்வளவு ஆசைன்னா வீட்டுலயே உக்காந்திருக்க வேண்டியதுதானே... எதுக்குக் கடைக்கு வரணும்?"

"அப்ப நீங்க எதுக்கு சார் எழுதறீங்க?"

"நான் எழுதறது தொழில் தர்மம். லேபிள்ல ஒரு பொய் எழுத மாட்டேன். எது அதிகமோ அது முதல்ல. எது கம்மியோ அது கடைசியில. எவனும் படிக்க மாட்டான்... ஆனா எழுதினது எல்லாம் உண்மை."

போன் அடித்தது.

மூன்று முறை அடிக்கட்டும் என்று விட்டான். முதல் மணியிலேயே எடுத்தால் காத்திருந்த மாதிரி இருக்கும்.

காத்துத்தான் இருந்தான்.

"சார், இன்ஸ்பெக்டர் பேசறேன்." பெண் குரல். அவசரமே இல்லாத குரல். "உங்க வீட்டுலேர்ந்துதான் பேசறேன். பதறாதீங்க. உங்க மனைவி..."

'என்னாச்சு' என்பதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தான். எட்டு நாள், குளியலறைக் கண்ணாடி முன்னால். முதல் விதம் நாடகம். மூன்றாவதில் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவதைத் தேர்வு செய்திருந்தான்.

"என்னாச்சு?"

நன்றாகவே வந்தது.

"நேர்ல வாங்க சார்."

போனை வைத்தான். பேக்கிங் அக்கா மூடியைப் பாதியில் விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"அந்த மூடியைச் சரியா திருகுங்க," என்றான். "காத்துப் போனா மண் காஞ்சிடும்."

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இருந்தது.

*

கார் ஓடியது. அவன் மனசு அதைவிட வேகமாக ஓடியது.

கம்பெனியை ஆரம்பித்தவர் மாமியார். சமையலறை மேடையில் மண்ணைக் குழைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் கொடுத்து, கடைசியில் ஒரு கட்டடமே கட்டிவிட்டார். ஒவ்வொரு டப்பாவின் முன்பக்கமும் மாமியாரின் சிரிப்பு அச்சாகியிருக்கும். பத்து வருஷம் மண்ணோடு மல்லுக்கட்டியவன் கெமிஸ்ட். சிரித்தது மாமியார்.

மாமியார் போன பிறகு அந்த நாற்காலி தனக்கு வரும் என்று நினைத்தான். மனைவி உட்கார்ந்துகொண்டாள். யாராவது வந்தால் அவனை எப்படி அறிமுகம் செய்வாள் தெரியுமா?

"இவர் நம்ம லேப்ல இருக்கார்."

லேப்பில் இருக்கிறாராம். மின்விசிறி இருப்பது போல.

மனைவிக்கு வால்நட், அதாவது அக்ரூட் பருப்பு, ஆகாது. ஒரு சிட்டிகை தோலில் பட்டாலே தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும். அம்மாவிடமிருந்து வந்த சொத்து அது. கம்பெனியும் அம்மாவிடமிருந்து வந்ததுதான். இரண்டையும் சேர்த்து யோசித்த ஒரே ஆள் கெமிஸ்ட்.

மாமியார் போட்ட வழக்கம் ஒன்று உண்டு. வேறு கம்பெனியின் களிமண் டப்பா எது வந்தாலும் முகத்தில்தான் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒரு கன்னத்தில் நம்முடையது. மறு கன்னத்தில் அவர்களுடையது. இருபது நிமிஷம். கழுவிய பிறகு எந்தக் கன்னம் ஜெயித்தது என்று கண்ணாடியில் பார்ப்பார். மனைவியும் அதையே செய்தாள்.

எனவே கெமிஸ்ட் ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தான். உலகத்தில் இல்லாத கம்பெனி. பச்சைக் களிமண், அழகான டப்பா, அருமையான லேபிள். மண்ணில் வால்நட் தூள். நேற்று வேறு பேரில் கூரியரில் போட்டான். இன்று எட்டே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். எட்டேகாலுக்கே அவன் லேப்புக்குக் கிளம்பிவிட்டான்.

லேபிளில் வால்நட் என்று எழுதியிருந்தான்.

ஆமாம், எழுதியிருந்தான்! கொலை வேறு, லேபிள் வேறு. தவிர, அதில்தான் விஷயமே இருக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால்... பாவம், பின்பக்கம் போட்டிருக்கிறதே, அவள் படிக்கவில்லை. விபத்து. கொலை ஆயுதமே தன் மேல் 'நான் ஆயுதம்' என்று எழுதிக்கொண்டு நின்றால் எந்தப் போலீஸ் அதைக் கைது செய்யும்?

இதெல்லாம் வேலைக்கு ஆகுமா என்ற சந்தேகம் அவனுக்கு இல்லை. எந்தக் கலவையையும் ஒரு முறை சோதித்துப் பார்க்காமல் அவன் வெளியே விடுவதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் சோதித்துப் பார்த்துவிட்டான்.

மாமியார் மேல்.

மாரடைப்பு என்றார் டாக்டர். வயசு அறுபத்தெட்டு என்றார்கள் உறவினர்கள். கெமிஸ்ட் எதுவும் சொல்லவில்லை. மூக்கைச் சிந்தினான்.

*

மாடியில், அலங்கார அறை.

சாய்வு நாற்காலியில் மனைவி மல்லாந்திருந்தாள். கழுத்து வரை தடித்த துண்டு. நெற்றியிலிருந்து மூக்கு வழியாக நேர்கோடு போட்ட மாதிரி... இடது பாதி முகம் வெள்ளை. வலது பாதி பச்சை. கண்கள் மேல் வட்டப் பஞ்சு. இடது பஞ்சு நழுவிக் காதோரம் கிடந்தது. அந்தக் கண் மூடியிருந்தது.

ஓரங்களில் மண் வெளுத்திருந்தது. நடுவில் ஈரம் மினுமினுத்தது.

கண்ணாடித் தட்டில் இரண்டு டப்பாக்கள். ஒன்றில் மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார்.

கெமிஸ்ட் வாசலிலேயே நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டான். முழங்காலை லேசாக மடக்கினான். அதையும் பயிற்சி செய்திருந்தான்.

"கிட்டப் போகாதீங்க சார்," என்றார் இன்ஸ்பெக்டர். ஐம்பது வயசுப் பெண்மணி. போலீஸ்காரியைவிடக் கணக்கு டீச்சர் மாதிரி இருந்தார். தோளில் தொங்கிய பைக்குள் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார். "எதையும் தொட வேணாம். தடயம் கலைஞ்சிடும்."

"எப்ப... எப்படி மேடம்?"

"ஒன்பது மணி இருக்கும்னு டாக்டர் சொல்றார். வேலைக்கார அம்மா பார்த்துட்டு எங்களுக்குப் போன் பண்ணாங்க. உங்களுக்கு எதுவும் தெரியாது இல்ல?"

"நான் எட்டேகாலுக்கே லேப்புக்குப் போயிட்டேன்."

"இந்தப் பச்சை மண்ணு டப்பா?"

"இப்பத்தான் முதல் தடவை பார்க்கிறேன்."

"கூரியர்ல வந்திருக்கு. சரி... நீங்க ரெண்டு நிமிஷம் இவங்களோட தனியா இருங்க. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு." வாசலில் நின்ற தொப்பைக் கான்ஸ்டபிளைப் பார்த்தார். "வாய்யா வெளிய."

கதவு சாத்திக்கொண்டது.

கெமிஸ்ட் ஒரு நிமிஷம் சத்தமாக அழுதான். கதவுக்கு வெளியே கேட்க வேண்டும் என்பதால் கதவைப் பார்த்து அழுதான்.

பிறகு மனைவியைப் பார்த்தான்.

"லேப்ல இருக்கார்..." என்றான் மெதுவாக. "இப்ப நீ எங்க இருக்க?"

பதில் வரவில்லை. பத்து வருஷத்தில் அவள் பதில் சொல்லாத முதல் கேள்வி.

பாக்கெட்டில் கைவிட்டான். பேனா மாதிரி ஒரு மஞ்சள் குழாய். அலர்ஜி ஊசி. மூச்சு அடைத்ததும் தொடையில் குத்தினால் உயிர் நிற்கும். அலங்கார மேஜையின் மேல் டிராயரில்தான் எப்போதும் இருக்கும். காலையில் கிளம்பும்போது அவன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். ஊசி இல்லை என்றால் கேள்வி வரும். இருந்தால், பாவம், கை எட்டவில்லை.

டிராயரை இழுத்தான். ஊசியை வைத்தான். மூடினான்.

பிணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இதெல்லாம் செய்தான். பிணத்தின் முன்னால் யார் கூச்சப்படப் போகிறார்கள்?

கதவு தட்டப்பட்டது.

*

இன்ஸ்பெக்டர் இரண்டு டப்பாக்களையும் கைக்குட்டையால் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பையிலிருந்து மூக்குக் கண்ணாடி ஒருவழியாக வெளியே வந்தது.

"எனக்கு இந்த மண்ணு சமாச்சாரமே புரியல சார். ரெண்டும் மண்ணுதானே? அப்புறம் என்ன ஒப்பிடுறது?"

கெமிஸ்ட் கண்ணைத் துடைத்தான். துடைத்த கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பத்து வருஷமாக இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை.

"ரெண்டும் மண்ணுன்னு சொல்லாதீங்க மேடம். ரெண்டும் பால்னு சொல்லி மோரையும் பாயசத்தையும் ஒண்ணா வைப்பீங்களா?"

"தப்புதான். சொல்லுங்க."

"இதோ பாருங்க, இடது கன்னம்." மனைவியின் முகத்தை நோக்கி விரலை நீட்டினான். வகுப்பில் கரும்பலகையைக் காட்டுவது போல. "இது நம்மது. கயோலின். வெள்ளை மண். சாது. எண்ணெயைக் கொஞ்சமா எடுக்கும், தோலை இழுக்காது. வறண்ட முகத்துக்கும் போடலாம்."

"சரி."

"வலது கன்னம் பெண்டோனைட். இது முரடு. தண்ணியைக் குடிச்சு ஊதும். காயும்போது சுருங்கும். எண்ணெயை வேரோட உறிஞ்சிடும். இருபது நிமிஷம் ஆனா போதும்... பாளம் பாளமா வெடிச்சிடும்."

"இருபது நிமிஷமா?"

"அதிகபட்சம் இருபத்தஞ்சு."

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். கான்ஸ்டபிள் தொப்பையைச் சொறிந்துகொண்டே, "நல்லா சொல்றாரு மேடம்," என்றார். "செத்தவங்க மூஞ்சின்னே தோணல."

"இப்ப லேபிளுக்கு வருவோம். உங்களோடதுல என்னென்ன இருக்கு? தண்ணி... கயோலின்... கிளிசரின்... இந்த வரிசைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா, இல்ல வாய்க்கு வந்தபடியா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? எடை வரிசை. எது அதிகமா இருக்கோ அது முதல்ல. உலகம் பூரா இதுதான் விதி. ஒரு பொருள் மூணாவதா இருக்குன்னா, அதுக்கு மேல ரெண்டே பொருள்தான் அதைவிட அதிகம்னு அர்த்தம். சமையல்காரனுக்கு உப்பு எப்படியோ, எங்களுக்கு வரிசை அப்படி."

"ஓகோ." இன்ஸ்பெக்டர் பச்சை டப்பாவைத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றினார். இறக்கினார். "இது யாரோ அரைகுறை செஞ்சது போல இருக்கு சார்."

கெமிஸ்ட்டின் புருவம் ஏறியது.

"ஏன் மேடம்?"

"உங்க டப்பாவோட வச்சுப் பார்த்தா கிட்டயே நிக்காது. எழுத்தும் பொடிசு, ஒண்ணும் புரியல. எவனோ கத்துக்குட்டி. சோப்புக் கம்பெனியில வேலையை விட்டுத் துரத்தின ஆளா இருப்பான்."

"அப்படிச் சொல்லிட முடியாது..."

"சொல்லலாம். உங்க விதியே இவனுக்குத் தெரியல. பாருங்க... தண்ணி, பெண்டோனைட், கிளிசரின், அப்புறம் வால்நட் தூள்..."

"கிளிசரின் நாலாவது."

"இல்ல சார், மூணாவது போட்டிருக்கான் முட்டாள்."

"மேடம், கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்க. வால்நட்தான் மூணாவது. வால்நட் ஏழு சதவீதம். கிளிசரின் அஞ்சு. அஞ்சு எப்படி ஏழுக்கு முன்னாடி வரும்? எந்தக் கத்துக்குட்டியும் இப்படிப் பிசகு பண்ண மாட்டான்!"



ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. பீப்... பீப்... பீப்... நின்றது.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"அட, ஆமா. வால்நட்தான் மூணாவது. நான்தான் தப்பா படிச்சிட்டேன்." நிமிர்ந்தார். "ஆனா சார், இந்த டப்பாவை இப்பத்தான் முதல் தடவை பார்க்கிறேன்னு சொன்னீங்க. அதுவும் வாசல்லேர்ந்து. முன்பக்கம்தான் தெரிஞ்சிருக்கும்."

கெமிஸ்ட் தன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"அது... பொதுவா எல்லா கம்பெனியும்..."

"ஏழு. அஞ்சு. லேபிள்ல சதவீதம் எதுவும் போடலையே சார்?"

"அனுபவத்துல ஒரு... ஒரு உத்தேசம்..."

டிக்.

சின்னச் சத்தம். காய்ந்த இலையை யாரோ மிதித்த மாதிரி.

கெமிஸ்ட் திரும்பினான்.

மனைவியின் வலது கன்னத்தில், பச்சை மண்ணில், ஒரு கோடு விழுந்திருந்தது. உதட்டோரத்தில் ஆரம்பித்தது. மேலே ஏறியது. டிக்... டிக்... கிளை பிரிந்தது. ஒரு சில்லு உதிர்ந்து துண்டின் மேல் விழுந்தது.

பிணம் சிரித்துக்கொண்டிருந்தது.

இடது கண் திறந்தது.

"இருபத்திரண்டு நிமிஷம்," என்றாள் மனைவி. "சரியாத்தான் சொன்னீங்க."

*

கெமிஸ்ட்டின் முழங்கால் மடங்கியது. இந்த முறை பயிற்சி தேவைப்படவில்லை.

மனைவி எழுந்து உட்கார்ந்தாள். பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்தாள். பேசப் பேச முகத்திலிருந்து பச்சைப் பாளங்கள் உதிர்ந்தன.

"ஒன்பது மணிக்குச் செத்துட்டேன். நீங்க வந்தது பதினொண்ணே காலுக்கு. மண்ணு ஈரமா இருந்துச்சு. பார்த்தீங்களா?"

அவன் பார்க்கவில்லை.

"இருபத்தஞ்சு நிமிஷத்துல வெடிக்கும்னு மேடத்துக்குப் பாடம் எடுத்தீங்க. என் மூஞ்சியைக் காட்டித்தான் எடுத்தீங்க. ரெண்டு மணி நேரம் ஆன மண்ணு ஏன் வெடிக்கலன்னு உங்களுக்குத் தோணவே இல்ல. வால்நட் தூள் போட்டா பழுப்புப் புள்ளி தெரியும். ஒரு புள்ளி இல்ல. நம்ம ஸ்டோர்ல எடுத்த வெறும் பெண்டோனைட். உங்க கார் மெயின் ரோடு வந்துட்டதா மேடத்துக்குப் போன் வந்ததும் குழைச்சுப் பூசினேன். லேப்ல இருக்காராம்..."

"நீ... உனக்கு எப்படி..."

"எப்படித் தெரியும்னா? படிச்சேன்."

கெமிஸ்ட்டின் வாய் திறந்தது. அந்தச் சொல் அவனுக்குப் புரியாத மொழியில் இருந்த மாதிரி அவளைப் பார்த்தான்.

"போன வாரம் அம்மாவோட அலமாரியை ஒழிச்சேன். கடைசியா அவங்க பூசின டப்பா உள்ள இருந்துச்சு. முன்னாடி அவங்க சிரிப்பு. பத்து வருஷமா அந்தச் சிரிப்பைத்தான் பார்த்தேன். பின்னாடி திருப்பினதே இல்ல. அன்னைக்கு என்னமோ திருப்பினேன். கடைசியா அம்மா கைபட்ட டப்பா ஆச்சே." நிறுத்தினாள். "கடையில விக்கிற நம்ம டப்பாவைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டேன். ஒவ்வொரு வரியா. எல்லாம் ஒண்ணுதான். மூணாவது மட்டும் வேற."

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார்.

"மறுநாளே ஸ்டேஷனுக்கு வந்துட்டாங்க. பாட்டியம்மாவை எரிச்சு எட்டு மாசமாச்சு, டப்பாவை வச்சு மட்டும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொன்னேன். இன்னொண்ணு வரும் மேடம், ட்ரையல் ஓகே ஆயிட்டா அவர் உற்பத்திக்குப் போயிடுவார்னு சொன்னாங்க. உங்களை நல்லாத்தான் புரிஞ்சு வச்சிருக்காங்க சார்."

"ரெண்டு லேபிளும் ஒரே கை," என்றாள் மனைவி. "அதே பொடியெழுத்து."

"அது விபத்து," என்றான் கெமிஸ்ட். "லேபிள்ல போட்டிருக்கேன்ல? உங்கம்மா படிச்சிருக்கணும். நான் மறைக்கவே இல்ல. ஒரு பொய் எழுதல..."

"எழுதல. சரிதான்." அவள் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். பாதி வெள்ளை, பாதி வெடித்த பச்சை. "அன்னைக்குக் காலையில அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. புது பேட்ச் வந்திருக்கு, எழுத்து கண்ணுக்குத் தெரியல, மாப்பிள்ளைகிட்ட குடுத்தேன்னாங்க. நம்ம மாப்பிள்ளை எவ்வளவு பொறுமை தெரியுமா, ஒண்ணாவது, ரெண்டாவதுன்னு நிறுத்தி நிறுத்திப் படிச்சாருன்னாங்க."

கெமிஸ்ட் தரையைப் பார்த்தான்.

"மூணாவதை விட்டுட்டு நாலாவதுக்குப் போயிட்டீங்க. அதானே?"

கான்ஸ்டபிள் தொப்பையைச் சொறிவதை நிறுத்திவிட்டார்.

"ஆதாரம் வேணும்," என்றான் கெமிஸ்ட். கடைசி முயற்சி. "ஒரு உத்தேசமா ஏழு, அஞ்சுன்னு சொன்னது ஆதாரம் ஆகாது."

"ஆகாது," என்று ஒப்புக்கொண்டார் இன்ஸ்பெக்டர். எழுந்துபோய் அலங்கார மேஜையின் மேல் டிராயரைத் திறந்தார். மஞ்சள் குழாய் உருண்டது. "பத்து மணிக்கு இந்த டிராயரைப் போட்டோ எடுத்தோம். காலி. இப்ப ஊசி இருக்கு. நடுவுல இந்த ரூம்ல இருந்தது நீங்களும் ஒரு பிணமும்."

"பிணம் சாட்சி சொல்லும் மேடம்," என்றாள் மனைவி. "அவர் முதுகைக் காட்டினப்ப ஒரு கண்ணைத் திறந்துதான் வச்சிருந்தேன்."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

வாசலைத் தாண்டும்போது கெமிஸ்ட் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். மனைவி கண்ணாடி முன்னால் குனிந்து முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். இரண்டு கன்னத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நம்மதுதான் ஜெயிச்சிருக்கு," என்றாள்.

அவனிடம் சொல்லவில்லை. டப்பாவில் சிரித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னாள்.

*

மாலை நாலு மணி. லாக்கப்.

பெல்ட்டை வாங்கிக்கொண்டார்கள். ஷூ லேஸை வாங்கிக்கொண்டார்கள். மூக்குக் கண்ணாடியையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். சில்லை வைத்துக் கையைக் கிழித்துக்கொள்வானாம்.

காலையில் குடித்த ஒரு காபிதான். வயிறு உள்ளுக்குள் ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

தொப்பைக் கான்ஸ்டபிள் கம்பிக்கு வெளியே நின்றார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்.

"சார், பசிக்குதா?"

கெமிஸ்ட் எழுந்து வந்தான். வாங்கினான். வெள்ளைப் பாக்கெட். கடையில் பார்த்த ஞாபகம் இல்லை. பிரிக்கப்போனவன் கை நின்றது.

"இது... யாரு குடுத்தது?"

"உங்க வீட்டம்மா. பாவம் பசியோட இருப்பார்னு குடுத்துட்டுப் போனாங்க. நல்ல மனசு. வேற யாராவதா இருந்தா இந்நேரம் மண்ணை வாரித் தூத்தியிருப்பாங்க."

பாக்கெட் கையில் இருந்தது. நெய் வாசனை வந்தது. கூடவே இன்னொரு வாசனையும் வந்தது போல இருந்தது. அல்லது வரவில்லை. வால்நட் அவனை ஒன்றும் செய்யாது. வேறு எது செய்யும் என்று அவனுக்குத் தெரியும். லேப் அலமாரியில் என்னென்ன பாட்டில் எங்கே இருக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம்.

கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவிக்கும் மனப்பாடம்.

கான்ஸ்டபிள் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். அவர் கொட்டாவி விட்டார்.

கெமிஸ்ட் மெதுவாக, சத்தமில்லாமல், பாக்கெட்டைத் திருப்பினான்.

பின்பக்கம் ஒரு லேபிள். பொடியெழுத்து. அவன் அளவுக்கே பொடியெழுத்து. கண்ணுக்கு அருகே கொண்டுபோனான். எறும்பு. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தான். எறும்பு. ஜன்னலில் வந்த வெளிச்சத்துக்குப் போய்க் குதிகாலைத் தூக்கி நின்றான். எறும்புகள் வரிசையாகப் போயின. எங்கே போகின்றன என்று தெரியவில்லை.

ஐந்து நிமிஷம் நின்றான். வியர்த்தது. கம்பிக்குத் திரும்பி வந்தான்.

"அண்ணே..."

"என்ன சார்?"

"என் கண்ணாடி இல்ல. இதுல என்னென்ன போட்டிருக்குன்னு கொஞ்சம்... படிச்சுச் சொல்லுங்க."

கான்ஸ்டபிள் பாக்கெட்டை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். பொறுமையாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"ஒண்ணாவது... கோதுமை மாவு."

"ம்."

"ரெண்டாவது... சர்க்கரை."

"ம்."

"நாலாவது... நெய்."

கெமிஸ்ட் கம்பியைப் பிடித்தான்.

"மூணாவது... மூணாவது என்னண்ணே?"

கான்ஸ்டபிள் பாக்கெட்டைக் கம்பி வழியாக அவன் கையில் திணித்தார். தொப்பையைச் சொறிந்துகொண்டே நடந்தார்.

"சாப்பிடுங்க சார். அதையெல்லாம் யாரு படிக்கிறாங்க?"